பிறர் மனம் அறியும் தகுதி

(தசலட்சணப் பருவத்தின் ஆறாம் நாளாகிய உத்தம சம்யம நாளன்று ஜினாலய மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சம்யமம் என்றவுடன் நாவடக்கமும் ஏனைய புலனடக்கமும் நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றைப் பற்றி ஆண்டுதோறும் அறிஞர் பெருமக்கள் இம்மேடையில் விரித்துரைத்துள்ளனர். சம்யமம் உடையார்க்கு மட்டுமே வாய்க்கும் ஒரு பேற்றைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன். ஞானங்கள் எத்தனை என்று கேட்டால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இக்குழந்தைகளே ஒப்பித்துவிடுவர்: மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம். நான்காவதாகிய மனப்பரியயத்தை நாம் பெயரளவில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பிறர் மனத்தில் நிலைகொண்டுள்ள பொருளைப் புலன்களின் துணையின்றி நேரே அறிவதே அஞ்ஞானம்.

அதற்கு முந்தையதாகிய அவதி ஞானம் யாருக்கு உண்டாகும் என்று முதலில் நோக்குவோம். தேவர்க்கும் நரகர்க்கும் அது பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது. மனிதர்க்கும், ஏன், விலங்கிற்கும் கூட ஞானாவரணீயக் கருமத்தின் தணிவினால் அது உண்டாகலாம். தொலைவில் உள்ள பொருளைக் காணும் ஆற்றல் இவ்வாறு நான்கு கதியினர்க்கும் திறந்து கிடக்கிறது. மனப்பரியயம் அவ்வாறன்று. தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரைகண்ட பூஜ்யபாதர் இதனைப் படிப்படியாக வடிகட்டிச் சொல்கிறார். அது மனிதர்க்கே உரியது. மனிதருள்ளும் கருமபூமியில் பிறந்தவர்க்கே. அவருள்ளும் நற்காட்சி உடையார்க்கே. அவருள்ளும் சம்யமம் பூண்ட முனிவர்க்கே. அவருள்ளும் ஒழுக்கம் நாளும் வளர்ந்து வருபவர்க்கே. அவருள்ளும் இருத்தி பெற்றவர்க்கே. அவருள்ளும் ஒரு சிலர்க்கே. தேவர் தலைவனாகிய இந்திரனுக்கும் அது கிடையாது. எத்துணை செல்வமிருந்தும் சிராவகர்க்கும் கிடையாது.

தொலைவைக் காண்பதற்கு இல்லாத கட்டுப்பாடு, பிறர் மனத்தைக் காண்பதற்கு ஏன்? அடியேன் நெடுநாள் சிந்தித்துக் கண்டது இது: ஒருவன் உள்ளத்தை அறிந்தவன் அவனை ஆளவும் அழிக்கவும் வல்லவன் ஆகிறான். ஆதலின், வெகுளியும் செருக்கும் வஞ்சமும் அவாவும் தணிந்த பிறகே அக்கதவு திறக்கிறது. தகுதி முன்னே வருகிறது. ஆற்றல் பின்னே வருகிறது. நம் ஆகம நெறியின் வரிசை இதுவே.

இன்று உலகில் இவ்வரிசை தலைகீழாகி வருகிறது. இதனைக் கூறவே இந்நாளைத் தேர்ந்தேன்.

ஜெர்மனி நாட்டின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்றொரு மனநல மருத்துவர் இருந்தார். இளமையில் படைப்பணியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்திற்கு இரையாகாமல் மயிரிழையில் தப்பினார். அன்றே, தொலைவில் இருந்த அவர்தம் சகோதரி, அவருக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததென்று உள்ளம் பதறித் தந்தையைத் தந்தி கொடுக்கச் செய்தாராம். ஒருவர் மனத்திலிருந்து மற்றொருவர் மனத்திற்குச் செய்தி செல்லும் வழி யாது என்ற வினா பெர்கரை வாழ்நாள் முழுதும் பற்றிக்கொண்டது. 1924-இல் மனிதர் தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் நுண்ணிய மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-இல் உலகிற்கு வெளியிட்டார். தேடியது கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை எழும் ஓர் அலை அது. (சாமாயிகத்தில் அமர்கையில் நம்மவர் தலையிலும் அவ்வலை எழும். யார் உண்மையாக அமர்ந்திருக்கிறார், யார் நாளைய சமையலை நினைக்கிறார் என்று அது பிரித்துச் சொல்லாது, அஞ்ச வேண்டா.) இன்று மருத்துவமனைகளில் ஈ.ஈ.ஜி. எனப்படுவது பெர்கர் தந்த கருவியின் வழிவந்ததே.

நூறாண்டிற்குள் அக்கலை வெகுதூரம் வந்துவிட்டது. 2023-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக அறிவியலார், ஆஸ்டின் நகரில், மூவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து ஒவ்வொருவருக்கும் பதினாறு மணி நேரம் கதைகளைக் கேட்கச் செய்தனர். அதன் பின்னர், அவர்கள் கேட்கும் புதிய கதையின் சாரத்தை மூளையின் குருதியோட்ட மாற்றங்களைக் கொண்டே கணிப்பொறி எழுதிக் காட்டியது. சொல்லுக்குச் சொல் அன்று. பொருளளவில், அதுவும் பல இடங்களில் பிழையாக. எனினும் எழுதியது. அதே ஆய்வில் மற்றொன்றும் புலப்பட்டது. படுத்திருப்பவர் மனத்தில் வேறு கதை சொல்லிக்கொண்டாலோ எண்களை எண்ணத் தொடங்கினாலோ கருவி தடுமாறிப் போயிற்று. ஒருவருக்குப் பழகிய கருவி மற்றவரிடம் பயன்படவில்லை. அதாவது, இன்றைய நிலையில், உடையவர் இசைந்து கொடுத்தாலன்றி அவர் மனத்தைக் கருவியால் எடுக்க இயலவில்லை. இந்த ‘இன்றைய நிலை’ எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதே கேள்வி.

இக்கலை செய்யும் நன்மையை மறைப்பது சத்தியத்திற்கு மாறானது. அதே 2023-இல் சான் பிரான்சிஸ்கோவில், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு பெண்மணியின் மூளை மேற்பரப்பில் 253 மின்முனைகள் பதித்த மெல்லிய தகடு ஒன்றை வைத்தனர். அவர் பேச முயன்றபோது எழுந்த சைகைகளைக் கணிப்பொறி நிமிடத்திற்கு 78 சொற்கள் என்ற அளவில் பேச்சாக்கியது. ஊமையாகிக் கிடந்த தாயின் குரலை அவர் மக்கள் கேட்பதென்றால் அது எத்தகைய அபய தானம்! 2025-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஒருபடி மேலே சென்று, வாய் அசைக்காமல் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களையே ஓரளவு படித்தனர். உடனே அவர்களுக்கே ஓர் அச்சம் எழுந்தது: வெளியிட விரும்பாத நினைவும் வெளிவந்துவிட்டால்? ஆகவே, நோயாளி மனத்துக்குள் ஒரு கடவுச் சொல்லை நினைத்தாலன்றிக் கருவி கேட்கத் தொடங்காதவாறு ஒரு தாழ்ப்பாள் அமைத்துப் பார்த்தனர். நம் முனிவர்கள் காக்கும் மூன்று குப்திகளுள் மனகுப்தி முதலாவது. கருவிக்கும் மனகுப்தி வேண்டும் என்று அவ்வறிஞர்கள் உணர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தாழ்ப்பாள் வைப்பதும் வைக்காததும் கருவி செய்பவர் விருப்பமாக இருக்கும்வரை என் மனம் ஆறவில்லை.

இங்கே இளைஞர் சிலர், “மூளையில் இவ்வளவும் பதிந்திருக்கிறதென்றால் ஆன்மா எங்கே?” என்று கேட்கக்கூடும், சென்ற ஆண்டு ஒருவர் கேட்கவும் செய்தார். மதிஞானம் புலன்களையும் மனத்தையும் கருவியாகக் கொண்டு பிறக்கிறது என்று தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது. மனமும் திரவிய மனம், பாவ மனம் என இருவகைப்படும். திரவிய மனம் புத்கலம். அதனைக் கண்டால் காணலாம், தொட்டால் தொடலாம். கண்ணைச் சோதித்த மருத்துவர் காண்பவனைக் கண்டுவிட்டதாகச் சொல்வதில்லை. மூளையைச் சோதிப்பவர்க்கும் அது பொருந்தும். திரவிய மனம் நெஞ்சில் எட்டிதழ்த் தாமரை வடிவில் உள்ளதென்று நம் நூல்கள் கூறுவதையும், மருத்துவ அறிவியல் தலையைக் காட்டுவதையும் யான் மாணவியர்க்கு ஒளிக்காமலே சொல்லி வந்துள்ளேன். இடத்தைப் பற்றிய இவ்வேறுபாட்டால் உயிரின் இலக்கணம் உபயோகம் என்ற அடிப்படை அசைவதில்லை என்பது என் துணிபு.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மூளை மின்னலைகளைக் கொண்டு குற்றவாளியைக் கண்டறியும் சோதனை ஒன்று இந்தியாவில் சில ஆண்டுகள் பெரிதும் பேசப்பட்டது. ஐயத்திற்குரியவர் தலையில் மின்முனைகள் பொருந்திய தொப்பியை அணிவித்துக் கண்களை மூடச் செய்வர். “நான் அதை வாங்கினேன்”, “நான் அங்குச் சென்றேன்” என்பன போன்ற தொடர்களை ஒலிப்பதிவிலிருந்து கேட்கச் செய்வர். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. தாமே செய்ததன் நினைவு ஒருவகையாகவும், கேள்வியுற்றதன் அறிவு வேறுவகையாகவும் மூளையில் தோன்றும் என்பதே அச்சோதனையாளர் கூற்று. 2008-இல் புனே நகர நீதிமன்றம் ஒன்று ஓர் இளம்பெண்ணுக்கு வாழ்நாள் சிறைத் தண்டனை விதித்தபோது இச்சோதனையின் முடிவையும் சான்றாக எடுத்துக்கொண்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவன இயக்குநர் தலைமையில் அமைந்த வல்லுநர் குழுவோ, இம்முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று அதே ஆண்டில் கருத்துரைத்தது.

2010-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், செல்வி எதிர் கருநாடக அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மயக்க மருந்து கொடுத்துப் பேசவைக்கும் சோதனை, பொய் காணும் கருவி, மூளைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவரது இசைவின்றி அவர்மீது நடத்தலாகாது என்றது. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. வாய் பேசாவிடினும் மூளையிலிருந்து செய்தி எடுப்பது சாட்சி சொல்லவைப்பதே என்று நீதிபதிகள் கண்டனர். இசைந்து உட்பட்டாலும் அச்சோதனை முடிவே சான்றாகாது என்றும் கூறினர்.

இத்தீர்ப்பைப் படித்தபோது நம் மூன்றாம் அனுவிரதமே எனக்கு நினைவிற்கு வந்தது. களவு என்பதற்கு நம் நூல்கள் தரும் இலக்கணம் என்ன? அதத்தாதானம், அதாவது, கொடுக்கப்படாததை எடுத்தல். பூட்டை உடைத்தல் என்றோ பொன்னைக் கவர்தல் என்றோ அவை சொல்லவில்லை. உடையவர் கொடுத்தாரா என்ற ஒன்றே வினா. ஒருவர் உடைமைகளில் அவர் நினைவைக் காட்டிலும் அவருக்கே உரியது யாது?

“மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?” என்பார் உண்டு. நல்ல கேள்வி; எளிதில் தள்ளத்தக்கதன்று. மனத்தால் செய்வதும் வினையே என்று கூறும் சமயம் நமது. உள்ளத்தில் தோன்றிய கொலை நினைவும் பாவ இம்சை என்கிறோம். அவ்வாறாயின் மனக்குற்றம் வெளிப்படுவது நன்றன்றோ? நன்றே. அதற்காகவே ஆலோசனை என்னும் தவம் இருக்கிறது. தம் குற்றத்தை ஆசாரியர் முன் தாமே எடுத்துரைப்பதே ஆலோசனை. அதனைக் கேட்கும் ஆசாரியர்க்கு வேண்டிய குணங்களைப் பகவதி ஆராதனை என்னும் நூல் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று அவபீடகத்துவம். சொல்லத் தயங்கும் சீடனை அதட்டியேனும் குற்றத்தை வெளிக்கொணரும் வன்மை. பார்த்தீர்களா, நம் நெறி இதில் மென்மை மட்டும் காட்டவில்லை. ஆனால் அதனுடனேயே அபரிசிராவித்துவம் என்ற குணத்தையும் வைக்கிறது. ஒழுகாமை என்பது அதன் பொருள். காய்ந்த இரும்பு நீரை உண்டாற்போலக் கேட்டதைத் தம்முள் அடக்கி, எவரிடமும் கசியவிடாதிருத்தல். சீடன் தானே நாடி வந்தான், கேட்பவர் அவன் நலத்திற்காகக் கேட்கிறார், கேட்டது வெளியேறாது. இம்மூன்றுள் ஒன்று குறைந்தாலும் அது ஆலோசனை ஆகாது. கடையில் விற்கும் தலைப்பட்டைக் கருவி ஒன்று மூளை அலைகளைத் திரட்டி விற்ற நிறுவனத்தின் சேமிப்பில் வைத்துக்கொள்கிறதென்றால், அதில் இம்மூன்றுள் எது உளது? தென்னமெரிக்க நாடாகிய சிலி, மூளைச் செயலையும் அதிலிருந்து பெறும் செய்தியையும் காக்குமாறு 2021-இல் தன் அரசியல் சட்டத்தையே திருத்தியது. 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரது மூளைப் பதிவை அழித்துவிடுமாறு அத்தகைய நிறுவனம் ஒன்றுக்கு ஆணையிட்டது.

இசைவு என்று இவ்வளவும் சொன்னேன். அறியாதவர் தரும் இசைவு இசைவாகுமா?

வர்த்தமான பகவான் கேவல ஞானம் எய்திய பின்னும் அறுபத்தாறு நாட்கள் திவ்யத்வனி எழவில்லை என்பது நம் மரபு. அறிவில் குறையில்லை, பெற்றுக்கொண்டு பிறர்க்கு விளக்க வல்ல கணதரர் வந்திருக்கவில்லை. கௌதமர் ஐயத்தோடு வந்தார், வானொலி எழுந்தது. முழுதுணர்ந்த பெருமானும் கேட்பவருக்காகக் காத்திருந்தார். வாமன முனிவர் மேருமந்தர புராணத்தில் சமவசரணத்தைப் பாடியுள்ளார். திருப்பருத்திக்குன்றத்து மண்டப விதானத்திலும் அதன் ஓவியத்தைக் காணலாம். பன்னிரு அவைகளிலும் இருந்தோர் ஒரே ஒலியைத் தத்தம் மொழியில் உணர்ந்தனர். ஆசிரியப் பயிற்சிக்கு வரும் மாணவியர்க்கு யான் முதல் வகுப்பில் சொல்வதும் இதுவே: பிள்ளை கேள்வி கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது, அதுவரை நீ பேசிக்கொண்டிருக்கிறாய், அவ்வளவே.

மூளை அறிவியலார் சிலர் இதனை உணர்ந்துள்ளனர். நிம்ஹான்ஸில் உள்ள மூளை அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் மூளையைத் தம் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி. நிறுவனத்தார் 2024 டிசம்பரில் கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியை 5,132 வெட்டுப்படங்களாக வெளியிட்டு, உலகோர் எவரும் கட்டணமின்றிக் காணுமாறு செய்தனர். தரணி என்பது அத்தொகுப்பின் பெயர். இவை போற்றத்தக்கன. ஆயினும் ஊர்ப்புறத்து மருத்துவமனை வாயிலில் நிற்கும் ஒருவருக்கு அறிவியல் எவ்வாறு வந்து சேர்கிறது?

என் உறவினர் ஒருவரின் மகளுக்கு வலிப்பு நோய். இருபத்திரண்டு அகவை. நகரத்து மருத்துவமனை ஒன்றில் இரண்டு நாள் தொடர்ந்து மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டுமென்றனர். துணைக்கு யான் சென்றிருந்தேன். ஆங்கிலத்தில் ஆறு பக்கத் தாள் ஒன்றை நீட்டி, “இங்கே, இங்கே, இங்கே” என்று பென்சிலால் குறியிட்டுக் காட்டினார் ஊழியர். படித்துப் பார்த்தேன். முதல் நான்கு பக்கங்கள் சிகிச்சைக்கானவை. பின்னிரண்டும், பதிவுகளை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளவும் பிற நிறுவனங்களுக்கு அனுப்பவும் இசைவு கேட்பவை. மருத்துவரைக் காண வேண்டுமென்றேன். ஊழியர் முகம் சுளித்தார், யான் அசையவில்லை. வந்தவர் இளைஞர், நல்ல தமிழ்ப்பிள்ளை. தாளின் பின்புறத்தில் படம் வரைந்து கால் மணி நேரம் விளக்கினார்.

அப்பெண் கேட்டாள்: “ஐயா, நான் நினைப்பதெல்லாம் இதில் தெரிந்துவிடுமா?”

“தெரியாதம்மா. ஓட்டின்மேல் மழை விழும் ஓசையைக் கேட்டு மழை வலுக்கிறதா, ஓய்கிறதா என்று சொல்லலாம். வீட்டுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான்.”

அடுத்து அவள் கேட்டாள்: “பெண் கேட்டு வருபவர்களுக்கு இது தெரியவருமா?”

மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை. ஆறு பக்கத்திலும் அவ்வினாவிற்கு விடை இல்லை. பிறகு, பெயரையும் ஊரையும் நீக்கிய பின்னரே அனுப்ப வேண்டும் என்று தம் கைப்பட எழுதி ஒப்பமிட்டார். அதன்பின் அவளும் முழு மனத்தோடு ஒப்பமிட்டாள்.

இவ்விடத்தில் ஒன்று நினைவூட்ட வேண்டும். அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்திற்குத் தடையாகக் கூறிய தொடர், நமக்கும் பொருந்துவதாகிய 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் நீக்கியதை நாம் நீக்கினோமா? நம் சமுதாயம் சிறியது. சில ஊர்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை. ஒரு வீட்டுச் செய்தி காலையில் வந்தவாசியில் புறப்பட்டால் மாலைக்குள் ஆரணியைச் சேர்ந்துவிடுகிறது. மனத்தைப் படிக்கும் கருவி அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. மருத்துவச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும் உறவினரும், “அந்தப் பெண் எந்த டாக்டரிடம் போகிறாளாம்?” என்று மருந்துக் கடையில் வினவும் சம்பந்தியும் போதும். மறைக்கச் சொல்கிறேன் என்று கொள்ளற்க. மணமகன் அறிய வேண்டியதை அப்பெண்ணே, தான் தேர்ந்த வேளையில், தன் வாயால் சொல்லட்டும். அது கொடுத்தல். மற்றது எடுத்தல்.

விலங்குகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க என் மனம் இடந்தரவில்லை. சமவசரணத்தின் பன்னிரண்டாம் அவை விலங்குகளுக்கு உரியது. அவையும் கேட்டு உணர்ந்தன. மேற்சொன்ன மூளைத் தகடுகளின் வரலாற்றில் குரங்குகள் பல உள்ளன. குரங்கு ஐம்பொறியோடு மனமும் உடைய சஞ்ஞி உயிர் என்பது நாம் பாலபாடத்தில் படிப்பது. மனம் உடையதாயிருப்பதாலேயே ஆய்வாளர் அதனைத் தேர்கின்றனர்; மனம் உடையதாயிருப்பதாலேயே நமக்கு அது கூடாததாகிறது. சான் பிரான்சிஸ்கோ பெண்மணியின் தகட்டை எடுத்தெறியச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அக்குரங்குகளின் துன்பத்திற்கு எவரேனும் கணக்குத் தீர்த்தார் என்று சொல்லவும் முடியவில்லை. தவளையை அறுக்க மாட்டேன் என்று நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் ஆய்வகத்தில் அழுது நின்ற காலம் உண்டு. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் அவ்வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. கேட்டுக்கொண்டே இருந்தால் வழி பிறக்கும் போலும்.

நரம்பியல் பயின்ற நம் சமுதாய இளைஞர் ஒருவர் வரும் தீபாவளி விடுமுறையில் ஊருக்கு வருகிறார். நிர்வாண பூசைக்கு மறுநாள் மாலை இம்மண்டபத்திலேயே அமர்ந்து, தமிழில், எத்தனை நேரமாயினும் விடை சொல்வதாக இசைந்துள்ளார். கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பாடசாலைப் பெட்டியில் இட்டுவிடுங்கள். பெயர் எழுத வேண்டா.